முள்ளம்பன்றி படி வெட்டாது

சூசைரட்ணத்தை நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்தார்கள். இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் மனிதர். மண்சரிவுக் கூட்டத்துக்கு ஒருவர் விடாமல் வரவேண்டும் என்று சொல்லியிருந்ததால், மகன் மைக்கலும் பக்கத்து வீட்டு அழகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் வரை மூச்சுவாங்க வந்து சேர்ந்தார்கள்.

"மெதுவாப்பா, முட்டியில படுது" என்று வழியெல்லாம் முனகினார் சூசைரட்ணம். மருமகள் இசபெல் அவர் கால்களுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டாள்.

நில அளவை அதிகாரி ஜெயந்தினி திரையில் மலையைக் காட்டினார். முதலில் தேயிலை, மரம், லயத்து வீட்டுக் கூரை எல்லாம் தெரிந்தன. அடுத்த படத்தில் ஒன்றையும் காணோம். மொட்டையடித்த தலை போல வெறும் மண் மட்டும் நின்றது.

"இது லைடார் அளவைங்க. விமானத்துல இருந்து லட்சக்கணக்குல லேசர் வெளிச்சம் அனுப்புவாங்க. அதுல கொஞ்சம் இலை இடுக்கால எறங்கி, தரையத் தொட்டுட்டுத் திரும்பி வரும். மரம், செடி, கூரை எல்லாத்தையும் கழிச்சிட்டு, தரை எங்க எவ்வளவு உயரம்னு பாத்துக்கலாம்."

மண் சரியக்கூடும் என்று சிவப்பு தீட்டியிருந்த பகுதிக்குள் தங்கள் வீடு வருகிறதா என்று எல்லாரும் தேடினார்கள். இசபெல் மட்டும் வேறொன்றைப் பார்த்தாள். அவள் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து நூல் போல ஒரு கோடு கிளம்பி, மலையேறிப் போனது.

"மிஸ், அந்தக் கோடு என்னங்க?"

"ஒத்தையடிப் பாதை. மேல மரம் மூடியிருக்கிறதால ஃபோட்டோவுல தெரியாது. நாலு வருசத்துக்கு முந்தின அளவையில இது இல்ல." ஜெயந்தினியின் குரல் கொஞ்சம் கடுமையானது. "படி படியா வெட்டியிருக்காங்க. இப்படி வெட்டினா மழைத்தண்ணி உள்ள எறங்கி மண் சரியும். யாரு செஞ்சது?"

"முள்ளம்பன்னி ஓடின தடமா இருக்கும் மிஸ்" என்றான் அழகன்.

"முள்ளம்பன்னி படி வெட்டாதுங்க."

அவர் படத்தை நகர்த்தினார். கோடு மலைக்கு அந்தப்பக்கம் இறங்கி, கடைத்தெருவின் முதுகில் போய் முடிந்தது. அங்கே இரண்டே கட்டடங்கள்.

"ஒண்ணு முனாப் நானாவோட சாப்பாட்டுக் கடை" என்றான் அழகன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "மத்தது கிருஷாந்தியோட தையல் கடை."

போன மாதம் மைக்கல் இரண்டு சட்டை தைத்துக்கொண்டது இசபெல்லுக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் போட்டிருந்தது அதில் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கியது.

"ரோட்டால போனா சுத்துன்னுதான் குறுக்கால படி வெட்டிக்கிட்டீங்களா?"

"எனக்கு ராத்திரியெல்லாம் பெக்டரியில வேல. பகல்ல பொணம் மாதிரி தூங்குறேன், இசபெல்."

"நான் மலையில கொழுந்து பறிக்கிறப்போ நீங்க தூங்குனத யாரு பாத்தா?"

மைக்கல் தகப்பனைப் பார்த்தான். "அப்பா, நீங்களே சொல்லுங்க. நான் எங்கயாச்சும் போறனா?"

சூசைரட்ணம் சிலுவை போட்டுக்கொண்டார். "நானும் கண்ண மூடித்தானே கெடக்கேன், எனக்கெப்படித் தெரியும்? செஞ்சிருந்தா மன்னிப்புக் கேட்டுரு மகன். மாதா மன்னிப்பா."

இசபெல் அழுதுகொண்டே சேலைகளைப் பைக்குள் அடுக்கினாள். கினிகத்தேனையில் அவளுடைய அக்கா இருக்கிறாள்.

மைக்கல் பையைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டான். "வா, ரெண்டு பேரும் அந்தப் பாதையிலயே நடப்போம். அந்தப் பொம்பள என்னையப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சாலும் நீ கினிகத்தேனைக்குப் போயிரு. நானே பஸ் ஏத்தி விடுறேன்."

"மழை பேஞ்ச எடம், இப்ப வேணாம் புள்ள" என்றார் சூசைரட்ணம். "ஓடைக்கு மேல கெடக்கிற பலகை வழுக்கும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

இசபெல் கேட்கவில்லை. சீனி வருத்தக்கார மாமனாருக்குச் சர்க்கரை ஏறாமலிருக்க வழக்கமாகக் கொடுக்கும் குரக்கன் கஞ்சியை, அந்தக் கோபத்திலும், அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுக் குடையை எடுத்தாள்.

விறகுக் குவியலுக்குப் பின்னால் தொடங்கின படிகள். ஒவ்வொரு படிக்கும் மண் சரியாமல் குச்சி அடித்திருந்தது. செங்குத்தான இடத்தில் பிடித்து ஏற மூங்கில், பாதி வழியில் உட்கார ஒரு தட்டைக் கல். சொந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடித்துத் தராத மனுசன் இன்னொருத்திக்காக இவ்வளவு செய்திருக்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஓடைப் பலகையில் மைக்கலின் கால் வழுக்கியது. இசபெல் தாவிப் பிடித்தாள். பிறகு கோபம் நினைவுக்கு வந்து கையை விட்டாள். அவன் புதுச் சட்டையோடு ஓடைக்குள் உட்கார்ந்தான்.

ஈரம் சொட்டச் சொட்ட இருவரும் மறுபக்கம் இறங்கினார்கள். கிருஷாந்தியின் கடை முதலில் வந்தது. பின்பக்கம் கதவில்லை, ஜன்னலில்லை, பாசி படிந்த வெறும் சுவர். படிகள் அதை ஒட்டித் திரும்பி இன்னும் கீழே போயின. முனாபின் குசினிக் கதவுக்கு முன்னால்தான் நின்றன.

அங்கே தாழ்வாரத்தில் ஒரு முக்காலி, உட்கார்ந்து உட்கார்ந்து வழவழத்துக் கிடந்தது. உள்ளே மாட்டிறைச்சிக் கறி கொதிக்கும் வாசனை. கல்லில் ரொட்டி புரளும் சத்தம்.

இசபெல் மைக்கலைப் பார்த்தாள். மைக்கல் இசபெல்லைப் பார்த்தான்.

காலடிச் சத்தம் கேட்டு, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே முனாப் குரல் கொடுத்தார்.

"சூசண்ணே, இன்னைக்கு யாரக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"