பழகிய கை

"எவன் கைன்னு மட்டும் தெரியட்டும், ஒடச்சுப்புடுறேன்!"

முத்துராஜ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து முந்திரியைத் தட்டில் கொட்டினான். செல்போன் ஆப்பில் அவனே ஆர்டர் போட்டு வரவழைத்த பாக்கெட் அது.

அதே ஆப்பில்தான் இரண்டு வருடமாக அவனும் ஆதனக்கோட்டை முந்திரி விற்றுக்கொண்டிருந்தான். ஓட்டோடு தீயில் வறுத்து, கட்டையால் தட்டி உடைத்த பருப்பு. தீபாவளிக்கு அது ஓடிய ஓட்டத்தைப் பார்த்த ஆப்காரன், பொங்கலுக்குள் அதே முந்திரியைத் தன் பெயரில் இறக்கிவிட்டான், விலையும் குறைத்து. இந்தப் பாக்கெட் அவனுடையதுதான். தேடினால் அவன் சரக்குதான் முதலில் வருகிறது. முத்துராஜின் சரக்கைப் பார்க்க விரல் வலிக்கத் திரையைத் தள்ள வேண்டும்.

முந்திரி வறுக்கும் கொட்டகை அடுப்பில் இப்போது பூனை படுத்திருக்கிறது. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்திருந்த முத்துராஜின் விரல்கள்கூட வெளுத்துவிட்டன.

"கடை போட எடம் குடுத்தவனே எதிர்க்கடை போட்டா நாம எங்கிட்டுப் போறது? நம்மகிட்ட எது விக்குது, எந்த ஊர்ல விக்குது, அம்புட்டும் அவன் கம்ப்யூட்டர்ல இருக்கு!"

"மொதல்ல சாப்புடுங்க," என்றாள் அவன் மனைவி பிரகதீஸ்வரி.

புதுக்கோட்டையில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை என்று போகிறவள், அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்திருந்தாள். மகள் இலக்கியாவின் நர்சிங் படிப்பு அந்தச் சம்பளத்தில்தான் நிற்காமல் ஓடுகிறது. தேங்காய் எண்ணெயை எடுத்துக் கறுத்த விரல்களில் தேய்த்துக்கொண்டாள். பாவம், கரிச்சட்டிகளோடு மல்லுக்கட்டும் கை.

முத்துராஜ் ஒரு பருப்பை வாயில் போட்டான். முகம் செத்துப்போயிற்று.

"அதே ருசி. நம்ம பக்கத்து ஆளுதான் வறுத்து ஒடச்சுக் குடுக்கிறான். பாரு, ஒண்ணுகூட நொறுங்கல. பழகுன கை."

"அவங்களுக்கு என்ன கஷ்டமோ..."

"கஷ்டமா? நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா? காலையில வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புறேன். வீடு வீடாப் போயி அந்தக் கையக் கண்டுபிடிக்கிறேன்."

"கெடுத்தது கம்பெனிக்காரன். கூலிக்கு ஒடைக்கிறவங்க என்னங்க செய்வாங்க?"

"அவன் எங்க இருக்கான்னே தெரியல. எத்தனை மெயில் போட்டேன், ஒருத்தன் பதில் சொன்னானா? எனக்கு எட்டுறது இந்தக் கை ஒண்ணுதான். நம்ம புள்ள மேல சத்தியமா ஒடைப்பேன்!"

பிள்ளை மேல் சத்தியம் என்றதும் பிரகதீஸ்வரி தட்டைத் தள்ளி வைத்தாள். இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள்.

அத்தனை எண்ணெய் தேய்த்தும் விரல்களில் கறுப்பு போகவில்லை. நுனித்தோல் உரிந்திருந்தது. கரிச்சட்டி கழுவினால் அப்படி ஆகாது. இரண்டு வருடம் தன் விரல்களில் இருந்த முந்திரிக் கறையை முத்துராஜுக்குத் தெரியாதா?

"ஒடைங்க," என்றாள்.