நடுக்கடல் மாத்திரை

"நாட்டோட கடல் எல்லையைத் தாண்டியாச்சு, இப்பக் குடு" என்று பிரிஜிட்டாவின் கணவன் அல்போன்ஸ் படகின் எஞ்சினை அணைத்தான்.

பிரிஜிட்டா மகளின் நாக்கில் மாத்திரையை வைத்தாள். தூத்துக்குடித் தொழிற்சாலையில் அவள் கையாலேயே செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் மாத்திரைதான். காப்புரிமைக்காரர்கள் அனுமதிக்காத நாட்டின் எல்லைக்குள் அது உடம்பில் வேலை செய்யாதபடி செய்யப்பட்டது. நம் நாட்டுக்கு அனுமதியில்லை. எடுத்துப் போனாலும் பயனில்லை என்பதால் தொழிற்சாலை வாசலில் யாரையும் சோதிப்பதுகூட இல்லை. நடுக்கடலோ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை, அங்கே அது வேலை செய்யும்.

மகளின் மூச்சிரைப்பு மெல்ல அடங்கியது.

"நல்லாயிருச்சும்மா. வீட்டுக்குப் போவோமா?" என்று கேட்டாள் மகள்.

பிரிஜிட்டா அவள் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். கரையேறினால் மாத்திரையின் வேலை நின்று மறுபடி இரைக்கும். அல்போன்ஸ் நங்கூரத்தை இறக்கினான்.

காலையில் மகளை அவனிடம் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் வந்த படகொன்றில் அவள் மட்டும் கரைக்குத் திரும்பினாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, இன்றும் பெட்டி பெட்டியாக அதே மாத்திரையைச் செய்தாக வேண்டும்.