அழுதாத்தான் வேன்

"தூக்கமா? அதைப் பார்த்தே ரெண்டு வருஷம் ஆகுதும்மா" என்று பெருமூச்சு விட்டார் பக்கத்துச் சாய்வு நாற்காலியில் கிடந்த பச்சை ஸ்வெட்டர்க்காரர். டயாலிசிஸ் ஊசிகள் குத்திய கையை அசைக்காமல், காதை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள் வெர்னா.

ஆள் புதுசு. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் இந்த மூலையில் கால் ஒடிந்து கிடப்பவனைக் கேட்டால்கூட "அவ்வளவு மோசமில்ல" என்பான். குறை சொல்வது இங்கே பிறர் வீட்டுக்குள் சேற்றுக் காலோடு நுழைவது மாதிரி. இப்படி மனம்விட்டுப் புலம்பி வெர்னா யாரையும் பார்த்ததில்லை.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த பிரிட்டா என்ற பெண், டேப்லெட்டைத் தட்டித் தட்டி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாடிப்படி ஏற முடியுதா?"

"ஏறலாம். மேல போய் என்னத்தப் பண்றதுன்னு நெனச்சா பாதியில கால் நின்னுடுது."

"வீட்ல இருக்கிறவங்களுக்குப் பாரமா இருக்கோம்னு தோணுதா?"

"என் நாயே என்னைப் பார்த்தா எழுந்து வேற ரூமுக்குப் போயிடுது."

சொல்லிவிட்டு, சொம்பு அளவு குவளையிலிருந்து காபியை மடக் மடக்கென்று குடித்தார். வெர்னா ஒரு மிடறு தண்ணீர் கூடுதலாகக் குடித்தாலே நர்ஸ் சாமியாடித் தீர்த்துவிடுவாள். இவரை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவு நொந்துபோன மனுஷரைத் திட்ட யாருக்குத்தான் மனசு வரும் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

வெர்னாவின் மறுபக்கத்து நாற்காலியில் ஹார்லன். அவரும் வெர்னாவும் காப்பீட்டுக் கம்பெனி இலவசமாக அனுப்பும் ஒரே வேனில் வருகிறவர்கள்.

"கேட்டியா வெர்னா? மனுஷன் பிச்சு உதறுறாரு. நீயும் அப்படியே எடுத்து விடு" என்று கிசுகிசுத்தார். "நம்ம மார்க் நோயில்லாதவங்க மார்க்கை எட்டிடுச்சுன்னு வெச்சுக்க, வேனை நிறுத்திடுவாங்க. அழுதாத்தான் வேன்."

"தெரியும்யா. கண்ணாடி முன்னாடி நின்னு அழுது பழகிட்டுத்தான் வந்திருக்கேன்."

வெர்னாவின் வீடு ஏரிக்கரையில், நாற்பது மைல் தள்ளி. கண் மங்கியதில் கார் ஓட்டும் உரிமம் எப்போதோ போய்விட்டது. வேனும் நின்றால் வீட்டை விற்றுவிட்டு நகரத்து முதியோர் இல்லத்தில் போய் உட்கார வேண்டியதுதான்.

"நூத்துக்கு முப்பத்தொண்ணு" என்றாள் பிரிட்டா.

"அவ்வளவு வந்துடுச்சா?" என்று பச்சை ஸ்வெட்டர்க்காரர் ஆச்சரியப்பட்டார்.

வெர்னாவுக்குத் தாங்கவில்லை. தாகத்துக்கு வைத்திருந்த எலுமிச்சை மிட்டாயில் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். "வாயில போட்டுக்கங்க. எல்லாம் சரியாப் போயிடும்."

"ரொம்ப நன்றிங்க. பல்லு வேற கூசுது" என்றபடி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

பிரிட்டா இவள் பக்கம் திரும்பினாள். வெர்னா முகத்தைக் கோணி, உதட்டைப் பிதுக்கி, அழத் தயாரானாள். அப்போதுதான் அந்த மனுஷரின் தொங்கிப்போன முகம் கண்ணில் பட்டது. நிஜமாகவே இந்தப் பாடு படுகிறவர் பக்கத்தில் இருக்கும்போது பொய்யாக மூக்கைச் சிந்துவதா? அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"தூக்கம் எப்படி, வெர்னா?"

"படுத்ததுதான் தெரியும் கண்ணு. என் குறட்டையில ஏரி மீனெல்லாம் ஓடிடுதுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க."

ஹார்லன் பலமாக இருமினார்.

"வெளிய எங்கயாவது போய் வர்றீங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஐஸா உறைஞ்ச ஏரி மேல கொட்டகை போட்டு மீன் பிடிக்க உக்காந்தோம். ஒண்ணும் மாட்டல. சிரிச்சு சிரிச்சே பொழுது போயிடுச்சு."

ஹார்லனின் இருமல் இரண்டு மடங்கானது.

"உங்க இருமலையும் குறிச்சுக்கவா?" என்றாள் பிரிட்டா.

"குறிச்சுக்கம்மா, தாராளமா குறிச்சுக்க!"

"வெர்னா, நீங்க யாருக்காவது பாரமா இருக்கோம்னு தோணுதா?"

"என் தங்கச்சிக்குத் தோணும். சீட்டாட்டத்துல அவ என்னை ஜெயிச்சதே இல்லையே!"

பிரிட்டா கூட்டிப் பார்த்தாள். "எண்பத்தாறு."

ஹார்லன் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். "கெடுத்தியே குடியை" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

வெர்னாவுக்குத் திக்கென்றது. உண்மையைச் சொன்ன குஷியில் வீட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டோமா? பச்சை ஸ்வெட்டர்க்காரர் எழுந்து வெளியே போயிருந்தார். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பிரிட்டாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணு, என் மார்க்கை விட்டுத் தள்ளு. நான் ஒரு கிறுக்கி. நோயாளிங்க என்ன பாடு படுறாங்கன்னு உங்க ஆபீஸ் பெரியவங்களுக்கு அவரோட முப்பத்தொண்ணைக் காட்டு. அது ஒண்ணே போதும், எங்க வேன் தப்பிச்சிடும்."

பிரிட்டா சங்கடத்தோடு அவள் காதருகே குனிந்தாள்.

"அவரு நோயாளி இல்ல, வெர்னா. நோயே இல்லாத ஆளுன்னு, உங்களோட ஒப்பிட்டுப் பார்க்க நாங்க தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்ததே அவரைத்தான்."