பாதி வரியில் தொடங்கும் பாட்டு

தாராவியில் அந்த மாடியறைக்குக் கீழே தோல்பை தைக்கும் மிஷின்கள் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓயும். சுலைகா அதற்காகக் காத்திருந்து டேப்ரிக்கார்டரை வெயில் விழும் இடத்தில் வைக்கிறாள். துபாயிலிருந்து புருஷன் சலாவுதீன் பேசி அனுப்பிய கேசட். அதன் மேலேயே பதில் பேசிக் கொடுத்துவிட வேண்டும். அதைக் கொண்டுபோகும் ஆள் இன்று மாலை துபாய்க்கு விமானம் ஏறுகிறார். முதல் வருடம் இரண்டு பக்கமும் நிறையப் பேசினான். இந்தமுறை யாரோ வெள்ளைக்காரனின் பாட்டுக் கேசட்டின் மேல் பதிந்த நான்கே நிமிடம். உறையில் கிதாரும் கழுத்தில் மாட்டிய மவுத்தார்கனுமாக அந்தப் பாட்டுக்காரன் நிற்கிறான். புருஷன் பேச்சு முடிந்ததும் பாதி வரியிலிருந்து அவன் பாடுகிறான், அவசரமே இல்லாமல், பக்கம் தீரும்வரை. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு வாரமாக அதைத்தான் கேட்கிறாள்.

"எக்கா, அண்ணன் அதுக்குள்ள பேசி முடிச்சாச்சா? வெள்ளக்காரன் வந்துட்டானே!" தடுப்புக்கு அப்பால் பக்கத்து அறைச் செண்பகவல்லி சிரிக்கிறாள்.

சுலைகா கேசட்டைப் பின்னால் ஓட்டிச் சிவப்புப் பொத்தானை அழுத்துகிறாள். பாட்டு அழிந்துவிடக் கூடாதென்று கண் கடிகாரத்திலேயே இருக்கிறது. மாமியின் சர்க்கரை, கூரை ஒழுகுவது, எல்லாம் சொல்கிறாள். "எப்ப மச்சான் வருவிய?" என்று கேட்டுவிட்டு, நான்கு நிமிடம் ஆகுமுன்னே நிறுத்துகிறாள். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று போட்டுப் பார்க்கிறாள்.

"எப்ப மச்சான் வருவிய?"

டக்கென்று ஒரு சத்தம். அழியாமல் மிஞ்சிய சலாவுதீனின் குரல்: "வேற என்னத்தச் சொல்ல, அவ்வளவுதான்."

கீழே மிஷின்கள் ஓடத் தொடங்குகின்றன. இனி மாற்றிப் பேச முடியாது. பாட்டுக்காரன் பாதி வரியிலிருந்து வருகிறான். சுலைகா சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள்.