வெள்ளைப் பெயிண்ட்

ஒரு தொழிற்சாலையில் நாற்பது வருஷமாகப் புகைவிட்டுக்கொண்டிருந்தது ஒரு புகைபோக்கி. அதன் காலடியில் புதிதாக ஒரு பிளாஸ்மா உலையைக் கொண்டுவந்து வைத்தார்கள். எரிவாயுவை உள்ளே விட்டால் மின்னல் மாதிரி ஒரு வெட்டு வெட்டி, ஹைட்ரஜனைத் தனியாகவும் கரியைத் தூளாகவும் பிரித்துக் கொடுத்துவிடும். புகை என்ற பேச்சே கிடையாது.

வந்த மறுநாளே உலை அண்ணாந்து பார்த்து, "யோவ் பெருசு, அந்தப் பக்கமா ஊதுய்யா. என் வெள்ளைப் பெயிண்ட் பாழாகுது" என்றது.

"காத்து இப்படி அடிச்சா நான் என்னப்பா பண்ணுவேன்?"

"இன்னைக்கு என்னைப் பார்க்கப் பெரிய மனுஷங்க வர்றாங்க. உன்னை இடிக்கச் சொல்லப்போறேன்."

புகைபோக்கி கீழே குனிந்து பார்த்தது. உலைக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிளிடம், "நீ எங்கேருந்துப்பா வர்றே?" என்று கேட்டது.

"மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அனல் மின்நிலையத்திலேருந்துங்க. நிலக்கரிதான் எரிக்கிறாங்க. அங்கேயும் உங்களை மாதிரியே ஒருத்தர் நிக்கிறார். உங்களைவிட மூணு பங்கு உயரம்."

புகைபோக்கி சிரித்த சிரிப்பில் கரி உதிர்ந்தது. "அட, அது எங்க பெரியண்ணன்! ஏன் தம்பி, உனக்கு மூணு வேளையும் பொங்கிப் போடுறது எங்க வீட்டு ஆளுதானா?" என்று உலையைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட விருந்தினர்கள் இறங்கினார்கள்.

உலை சட்டென்று குரலைத் தாழ்த்தியது. "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்கண்ணே."