வரிசையில் மூன்றாவது ஆள்

இன்ஸ்பெக்டர் கைப்பேசியில் ஒரு படத்தை நான்காவது முறையாக ஓடவிட்டார்.

கடிகாரக்காரர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மேஜையில் திறந்து கிடந்த ஒரு கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரோ எடுத்த அரை நிமிடப் படம். முரசு அடிக்கிறது. நீலச் சட்டைக்காரர்கள் ஒரு வரிசை, எதிரே சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு வரிசை. இருநூறு வருடங்களுக்கு முன்னால் ஊர் ஆற்றங்கரையில் நடந்த சண்டையை ஊர்க்காரர்கள் வருடம் தவறாமல் அங்கேயே நடித்துக் காட்டுவார்கள். தபால்காரர், ரொட்டிக்கடைக்காரர், கணக்கு வாத்தியார் எல்லோருமே அன்றைக்கு ஒருநாள் சிப்பாய்கள்.

துப்பாக்கிகளுக்கு மருந்து கெட்டிப்பது பதினோரு வருடமாகக் கடிகாரக்காரரின் பொறுப்பு. அதை முடித்துவிட்டு அவரும் சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கப் போய்விடுவார். வெறும் மருந்து, அடைக்கக் கொஞ்சம் காகிதம். சத்தம் வரும், புகை வரும், உயிர் போகாது.

இந்த வருடம் போயிற்று.

ஊதல் ஊதியதும் செத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் முதுகைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். சிவப்பு வரிசையில் மூன்றாவது ஆள் மட்டும் எழவில்லை. போதும்டா நடிச்சது என்று பக்கத்தில் கிடந்தவர் அவனைக் காலால் சீண்டியிருக்கிறார்.

கடிகாரக்காரரின் மருமகன். ஒரே மகளின் புருஷன்.

அவனுக்கு நேர் எதிரே நின்று சுட்டவர் தபால்காரர். மூன்று நாளாக லாக்கப்பில் இருக்கிறார். பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம், நான் கொல்லவில்லை, நடித்தேன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

துப்பாக்கிகள் ஒரு மணி நேரம் கூடாரத்தில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. யார் வேண்டுமானாலும் ஒன்றில் குண்டைப் போட்டிருக்கலாம். ஊரையே சல்லடை போட்டுச் சலித்தும் மருமகனுக்கு ஒரு விரோதி அகப்படவில்லை. மாமனாரை மட்டும் யாருமே கேட்கவில்லை. அழுது ஓய்ந்த மனிதரிடம் என்னவென்று கேட்பது?

"இந்த இடத்தைக் கவனிங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

முரசுக்கு மேலே ஒரு குரல் கிழிந்துகொண்டு கேட்டது. "சுடாதீங்க! ஐயோ, சுடாதீங்க!" சிவப்பு வரிசையின் பின்னாலிருந்து ஒரு கிழவர் ஆட்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்கிறார். அவ்வளவு அருமையான நடிப்பைப் பார்த்துக் கூட்டம் கைதட்டுகிறது. யாரோ விசில் அடிக்கிறார்கள். பிறகு எங்கும் புகை.

"நாடகத்துல இப்படி ஒரு வசனமே இல்லையாம். எழுதினவரையே கேட்டுட்டேன்." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உள்ள குண்டு இருக்குன்னு உங்களுக்கு மட்டும் எப்படி ஐயா தெரிஞ்சது?"

உள்கதவருகே மகள் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

கடிகாரக்காரர் கையிலிருந்த இடுக்கியை மேஜைமேல் வைத்தார். "தபால்காரரை விட்டுடுங்க. நான்தான் போட்டேன்."

இன்ஸ்பெக்டரின் கேள்விகளுக்கெல்லாம் மூன்று நாளாகப் பதில் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் கேட்டது மகள்.

"அவர் மேல உனக்கு என்னப்பா கோபம்?"

வாயைத் திறந்தார். மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். அழுது அழுது வீங்கிப்போயிருந்தது.

"எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது," என்றார். "நீ அவனைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்தே ஆகாது."

அவள் கத்தவில்லை. அடிக்கவும் வரவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் சற்று நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

அது போதும் என்றிருந்தது அவருக்கு. வெறுத்துவிட்டாள். வெறுக்க ஒரு ஆள் இருந்தால் எப்படியாவது பிழைத்துக்கொள்வாள்.

இன்ஸ்பெக்டர் கைத்தாங்கலாகப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார். கடையைப் பூட்ட வேண்டாமா என்று கேட்டார். கடிகாரக்காரர் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

அந்தப் படம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நடந்ததைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறக்கப்போவதில்லை.

மூன்றாவது இடம் அவருடையது. மனைவி போன பிறகு ஒவ்வொரு விடியலும் தலையில் வைத்த கல்லாகிவிட்டிருந்தது. தானாக உயிரை விட்டால் மகள் காலமெல்லாம் தன்னையே நொந்துகொள்வாள். விளையாட்டில் நேர்ந்த விபத்தென்றால் நாலு நாள் அழுதுவிட்டுத் தேறிவிடுவாள். தபால்காரரைப் பற்றி அவர் நினைத்தே பார்க்கவில்லை. அப்படிக் கணக்குப் போட்டுத்தான் தனக்கு நேரே நீளப்போகும் துப்பாக்கியில் அந்த ஒரு குண்டைப் போட்டுவிட்டு, போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

முரசு முழங்க ஆரம்பித்ததும், பின்னாலிருந்து வந்த மருமகன் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்து, அந்த இடத்தில் தான் போய் நின்றான்.

"முட்டி வீங்கியிருக்கு, விழுந்தா எந்திரிக்க மாட்டீங்க மாமா," என்று சிரித்தான். "இந்த வருஷம் உங்களுக்குப் பதிலா நான் சாகறேன்."