தடை லிஸ்ட்

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஹரீஷ்குமார் மேசைக்கு முன் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். எதிரே மணிமேகலை பேனாவும் கையுமாக இருந்தார்.

“உன்கூடத் தங்கியிருக்கிற மூர்த்தி ரூம்ல சாப்பிட்டது என்ன பொடி?”

“பெங்களூர்ல ஒருத்தன் குடுத்தான் மேடம். போதை மருந்துத் தடை லிஸ்ட்ல அது இல்லீங்க. நானே போன்ல தேடிப் பார்த்தேன்.”

“அதுக்குப் பேர் என்ன?”

“புதுசுங்க மேடம், இன்னும் பேரே வைக்கலியாம். கேஸே நிக்காது.”

“சாப்பிட்டதும் என்ன ஆச்சு?”

“தன்னையே ராயக்கோட்டை பஸ்னு சொல்லிக்கிட்டு, ஹாரன் அடிச்சிக்கிட்டே ரூமைச் சுத்துனான். என்னையும் ஏறிக்கச் சொன்னான். அப்புறம் வலிப்பு வந்துடுச்சு.”

மணிமேகலை ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“கேஸைப் போலீஸ் பார்த்துக்குவாங்க. வைத்தியம் பார்க்கிறது நான். பேரே இல்லாத விஷத்துக்கு என்ன மருந்து குடுக்கிறது?”

“அது லிஸ்ட்ல இருந்திருக்கக் கூடாதா மேடம்?” என்று கேட்டுக்கொண்டே ஹரீஷ்குமார் அவர் பின்னால் ஓடினான்.